வீட்டுக்கு ஒரு வெட்டும் இயந்திரம்: செய்வதும் செய்யாததும்

எமது நிலையத்துக்கு வரும் தாய்மாரிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "கனடாவில இருக்கிற தங்கச்சி ஒரு வெட்டுற மெசின் வாங்கி அனுப்புறன் எண்டு சொல்லுறா. அதை வைச்சு உழைக்கலாமோ?" சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கடன் எடுத்து இங்கேயே ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கைத்தொலைபேசியில் ஓடும் படங்களில் இந்த இயந்திரம் பூ வெட்டுகிறது, பெயர் வெட்டுகிறது, ஒரு பெண் சிரித்துக்கொண்டே அதை எடுத்து ஒட்டுகிறாள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

கேட்பவர்கள் வயலையும் கிணற்றையும் ஓரிடத்தில் விட்டுவிட்டு இன்னோரிடத்தில் குடியிருப்பவர்கள். காணி திரும்பக் கிடைத்தவர்களுக்கும், பற்றை வெட்டி, கிணறு இறைத்து, முதல் விளைச்சலைக் காணும்வரை கைச்செலவுக்கு ஏதாவது வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு தொகை பணம் தவறான இடத்தில் போய் முடங்கினால் அதை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. உதவியாகக் கிடைத்த தையல் இயந்திரங்கள் சில வீடுகளில் சேலை போர்த்தியபடி மூலையில் இருப்பதை நாமே கண்டிருக்கிறோம். ஆகவே இந்த இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இம்முறை சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இது ஒரு சிறிய கத்தி. கணனியோ கைத்தொலைபேசியோ காட்டும் கோட்டின் வழியே அந்தக் கத்தி போகும். அவ்வளவுதான். படம் வரைவது, எழுத்தைச் சரிபார்ப்பது, வெட்டியதைப் பிரித்தெடுப்பது, ஒட்டுவது, வாங்குபவரைத் தேடுவது எல்லாம் எமது கையில்தான் இருக்கின்றன.

வீட்டுப் பாவனைக்கென்று விற்கப்படுபவற்றில் மூன்று பெயர்களை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். அமெரிக்காவின் கிரிக்கட் (விளையாட்டின் பெயர் போலத்தான் உச்சரிக்கிறார்கள்), சிலுவெற், தையல் இயந்திரத்தால் எமக்கு முன்பே அறிமுகமான யப்பானிய பிறதர் நிறுவனத்தின் ஸ்கான்-என்-கற். இவற்றில் பெரும்பாலானவை 12 அங்குல அகலமான தாளையே எடுக்கும். அதிலும் சிறியவை உண்டு. அவை ஏறக்குறைய ஐந்து அங்குல அகலத்துக்குள் வெட்டுவன. தாளை ஒட்டும் தன்மையுள்ள ஒரு பிளாஸ்ரிக் பாயில் பதித்து இயந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும். உருளை பாயை முன்னும் பின்னும் இழுக்கும், கத்தி இடமும் வலமும் ஓடும். இரண்டு அசைவும் சேரும்போது வளைவு உண்டாகிறது.

கத்தியின் நுனி அதன் அச்சுக்குச் சற்றுப் பின்தள்ளி இருக்கும். உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டி இழுபட்டுத் திரும்புவதைப் போல, கத்தி கோட்டின் பின்னால் இழுபட்டுத் திரும்புகிறது. அகன்ற தெருவில் பெட்டி நன்றாகத் திரும்பும். ஒடுங்கிய வரம்பில் திருப்பினால் வரம்பை உடைத்துவிடும். சிறிய எழுத்துக்களில் நடப்பதும் இதுதான். அரை அங்குலத்திலும் சிறிய தமிழ் எழுத்தின் வளைவுகளில் தாள் கிழியும், அல்லது மூலை எழும்பி நிற்கும். படத்தில் பார்த்த அளவுக்கு நுணுக்கமாக ஏன் வரவில்லை என்று இயந்திரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

அடுத்தது ஆழம். ஸ்ரிக்கர் செய்யும் வினைல் தாளில் இரண்டு படைகள் உண்டு: மேலே நிறமுள்ள வினைல், கீழே அதைத் தாங்கும் கடதாசி. கத்தி மேற்படையை மட்டும் வெட்டி, கீழ்க்கடதாசியைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கலப்பையின் கொழு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது மண்ணுக்கு மண் வேறுபடுவது போல, இதுவும் தாளுக்குத் தாள் வேறுபடும். மலிவான தாளின் தடிப்பு ஒரே சுருளுக்குள்ளேயே மாறுவதுண்டு. எனவே ஒவ்வொரு புதிய தாளிலும் மூலையில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பாருங்கள். சதுரம் தனியாக உரிந்து வந்து, கீழ்க்கடதாசி ஓட்டையாகாமல் இருந்தால் ஆழம் சரி. இந்த ஒரு நிமிடப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் தாள் வீணாக்குகிறார்கள்.

வெட்டி முடிந்ததும் எழுத்துக்கு வெளியே உள்ள வேண்டாத வினைலை ஊசியாலோ சிறு கொக்கியாலோ உரித்தெடுக்க வேண்டும். இந்த வேலையை அத்தொழிலில் உள்ளவர்கள் களையெடுத்தல் என்றே ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். எமக்குப் பழகிய சொல். பொறுமையும் அதே பொறுமைதான். இயந்திரம் நான்கு நிமிடத்தில் வெட்டியதைக் களையெடுக்க அரை மணித்தியாலம் ஆகலாம். கைத்தொலைபேசிப் படங்களில் இந்தப் பகுதியை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள்.

எவற்றை வெட்டும்?

கடதாசி, வாழ்த்து மட்டை, வினைல், துணியில் சூட்டால் ஒட்டும் வினைல், மெல்லிய பிளாஸ்ரிக் தகடு ஆகியவற்றை நன்றாக வெட்டும். பலமான இயந்திரங்களில் சிலவற்றுக்கு உருளும் கத்தி உண்டு. அது துணியையும் வெட்டும். சட்டை தைப்பதற்குத் துணி வெட்ட உதவுமா என்று கேட்பீர்கள். 12 அங்குல அகலத்துக்குள் ஒரு சட்டையின் முதுகுத் துண்டு அடங்காது. பொம்மை உடுப்பு, பூ வேலைத் துண்டுகள் வெட்டலாம். தையலுக்குக் கத்தரிக்கோலே போதும்.

மரம் வெட்டும் என்று விளம்பரத்தில் காண்பீர்கள். கிரிக்கட் மேக்கர் என்ற பலமான வகையும் 2.4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பை எடுக்காது. அதுவும் பல்சா போன்ற மிக மென்மையான மரத்தகடுதான். ஒரே கோட்டில் பல தடவை ஓடி மெல்ல மெல்ல வெட்டும். வேம்பு, தேக்கு, பலகை, கண்ணாடி, தகரம், தடித்த அக்கிரிலிக் எதுவும் இதற்கு ஆகாது. கடைகளில் காணும் மரப் பெயர்களும் அக்கிரிலிக் பெயர்களும் பெரும்பாலும் லேசர் இயந்திரத்தில் வெட்டப்பட்டவை. அது வேறு இயந்திரம், வேறு விலை. (வினைல் தாளை லேசரில் வைக்கவே கூடாது, அதிலுள்ள குளோரின் நச்சுப் புகையாக வெளிவரும்.)

பனையோலையைக் கொடுத்து வெட்டலாமா என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஓலை ஒரே தடிப்பில் இருப்பதில்லை, நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது, காயும்போது சுருள்கிறது. பாயில் தட்டையாக ஒட்டாத எதையும் இந்தக் கத்தி ஒழுங்காக வெட்டாது. ஓலைப் பெட்டிக்குக் கையே மேல்.

இது அச்சிடும் இயந்திரமும் அல்ல. பேனையைப் பொருத்தினால் கோடு வரையும், நிறப்படம் அடிக்காது. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி போன்றவற்றைப் பொதி செய்பவர்கள் லேபிள் அடிப்பதற்காக இதைக் கேட்கிறார்கள். லேபிளை முதலில் ஒரு பிறின்ரரில் அச்சிட வேண்டும். பின்னர் இயந்திரம் அச்சிலுள்ள அடையாளக் கோடுகளைப் பார்த்துச் சுற்றிவர வெட்டும். சாதாரண மைப் பிறின்ரரில் அடித்த லேபிள் ஈரம் பட்டால் கரையும். சதுரமான லேபிள் என்றால், அச்சகத்தில் அடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுவதற்கு மேலாக இந்த இயந்திரம் எதையும் தந்துவிடாது.

ஊர்களில் இதற்கு உண்மையாக வேலை கிடைப்பது விழாக்களில்தான்: பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கலியாணம். கேக்கின்மேல் குத்தும் பெயர், மேடைப் பின்னணியில் ஒட்டும் எழுத்து, பரிசுப் பெட்டி, ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஒட்டும் பெயர் ஆகியவை. கேக்கில் குத்துவதை மட்டையில் வெட்டிக் குச்சியில் ஒட்டுங்கள். மட்டை கிறீமில் படாமல் குச்சி மட்டும் இறங்கட்டும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் ரீசேட் இலக்கங்களும் கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு சட்டை என்றால் எடுத்துக்கொள்ளலாம். நூறு சட்டைக்கு ஒரே எழுத்து என்றால் திரை அச்சுக்காரரிடம் அனுப்பிவிடுவது நேர்மையும் இலாபமும் ஆகும். கடைப் பெயர்ப்பலகையிலும் அப்படித்தான். 12 அங்குலத் துண்டுகளைப் பொருத்திப் பொருத்தி நகரத்து பிளெக்ஸ் அச்சுடன் போட்டியிட முடியாது.

எமது எழுத்தும் இந்தக் கத்தியும்

வெளிநாட்டுப் படங்களில் சொல்லித் தராத பகுதி இது. பெயர் என்றால் எமது ஊரில் பெரும்பாலும் தமிழ்ப் பெயர். தமிழைத் தட்டெழுதும்போது சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், அல்லது இடம் மாறிவிடும். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் பெயரை எழுதி, எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை வெட்டும் மென்பொருளுக்குக் கொண்டுபோகலாம். இன்னொரு வழி, நாம் ஒதுக்கி வைத்த பாமினி எழுத்துரு. அதில் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி எழுத்தாக இருப்பதால் எந்த மென்பொருளிலும் போட்டது போட்டபடி நிற்கும்.

ஆனால் அப்படி எழுதும்போது விசிறி எழுத்தின்மேல் சற்று ஏறி நிற்கும் இடங்களில் கத்தி இரண்டு கோட்டையும் வெட்டி, எழுத்தைத் துண்டாக்கிவிடும். வெட்டுவதற்கு முன் அவற்றை ஒன்றாக இணைக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளிலும் அது உண்டு.

புள்ளியைக் கவனியுங்கள். களையெடுக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான். கண்ணன் கணணன ஆகிப்போய் விழா மேடையில் தொங்கினால் அந்த வீட்டிலிருந்து அடுத்த வேலை வராது. புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

வண்ணம் பூசும் அச்சுத்தகடு வெட்டும்போது பிரச்சினை வேறு. தகட்டில் எழுத்து ஓட்டையாக இருக்கும். ஆகவே ண, ன போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு பிடிமானமின்றி விழுந்துவிடும். சுழியின் உட்பகுதியை வெளியுடன் இணைக்க ஒரு சிறு பாலம் விட வேண்டும்; மூன்று சுழி என்றால் ஒவ்வொரு மூடிய சுழிக்கும் தனிப் பாலம். ஆங்கில எழுத்துக்களில் இதற்கென்றே செய்த எழுத்துருக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழுக்கு நாமே பாலம் போட வேண்டியிருக்கிறது.

மின்சாரமும் இணையமும்

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. எமக்கு 230. வெட்டும் இயந்திரங்கள் பலவற்றின் மின்மாற்றியில் 'இன்புட்' என்ற சொல்லுக்கு எதிரே 100–240 என்று இருக்கும். அப்படியிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் துணியில் ஒட்டுவதற்காகக் கூடவே அனுப்பப்படும் சூட்டு அழுத்தி அப்படியல்ல. அங்கே விற்பது 120க்கென்றே செய்தது. நாமே ஒன்றை எரித்திருக்கிறோம். லேபிளை வாசிக்காமல் சுவரில் செருகினோம். முதலில் மணம் வந்தது, பிறகு புகை. அதை அனுப்பியவர் அதற்காக எத்தனை நாள் இரவு வேலை செய்தாரோ தெரியாது. துணி வேலைக்கு நீராவி விடாத சாதாரண மின்னழுத்தியே போதும்: ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ், பத்துப் பதினைந்து செக்கன் அழுத்தம், இழுக்காமல். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வெட்ட மறக்க வேண்டாம்.

வெட்டும் இயந்திரம் ஏறக்குறைய ஒரு மடிக்கணனி அளவு மின்சாரமே எடுக்கும். சிறிய சூரியத் தகட்டுத் தொகுதியும் தாங்கும். மின்னழுத்தியைத் தாங்காது. வெட்டும் நடுவில் கறண்ட் நின்றால் பெரும்பாலும் அந்தத் தாள் வீண்.

கிரிக்கட் இயந்திரத்தை இயக்க அந்த நிறுவனத்தின் மென்பொருளில் கணக்குத் திறக்க வேண்டும், பெரும்பாலும் இணையமும் வேண்டும். 2021 மார்ச்சில், மாதச் சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்களை மட்டுமே ஏற்றலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பாவனையாளர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டியதால் கைவிட்டது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் கடிவாளம் வேறிடத்தில் இருக்கிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. சிலுவெற்றின் மென்பொருளைக் கணனியில் ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமின்றியும் வெட்டலாம். ஸ்கான்-என்-கற்றில் திரையும் படம் பிடிக்கும் வசதியும் சேர்ந்தே இருப்பதால், வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிய பெயரை உள்ளே கொடுத்து, கணனி இல்லாமலே வெட்ட முடியும். சமிக்ஞை இழுக்காத குடியிருப்புகளில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை விலைக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

பழைய இயந்திரங்களை மலிவாக வாங்கி அனுப்பும் உறவினர்களும் உண்டு. கிரிக்கட்டின் ஆரம்பகால வகைகள் படங்கள் அடங்கிய சிறு பெட்டிகளைச் செருகி இயக்கப்பட்டவை. அவற்றைக் கணனியுடன் இணைத்த மென்பொருள் 2018இல் நிறுத்தப்பட்டது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் இன்று வெட்டலாம். தமிழ் வெட்டலாம் என்று நம்பி அதை வாங்க வேண்டாம்.

கணக்கு

இந்தத் தொகைகள் கணக்குப் பார்க்கும் முறைக்காக நாம் போட்டவை. உங்கள் ஊர் விலையை இட்டுப் பாருங்கள். ஒரு பெயர் அலங்காரத்துக்கு 1,500 ரூபா கேட்கிறீர்கள் என்று வைப்போம். வினைலும், எழுத்தைத் தூக்கி ஒட்டும் தாளும் 350. அடிமட்டை 300. ஐந்தில் ஒன்று பிழைக்கும், அதன் பங்கு 70. தாள் வாங்க நகரத்துக்குப் போய்வந்த பஸ் காசு 150. தேய்ந்துபோகும் கத்திக்கும் பாய்க்கும் 80. மீதி 550. பேசி, வரைந்து, வெட்டி, களையெடுத்து, ஒட்டிக் கொடுக்க மூன்று மணித்தியாலம். இயந்திரத்தின் விலை இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதைக் கடனாக எடுத்திருந்தால், கிழமைக் கட்டுக்காசுக்கு இப்படி எத்தனை வேலை வேண்டும்? உங்கள் குடியிருப்பில் ஒரு கிழமையில் எத்தனை விழா நடக்கிறது? மழைக்காலத்தில்? ஒரு குடியிருப்புக்கு ஒரு இயந்திரம் போதும்; இரண்டாவது வந்தால் இருவருக்கும் பட்டினி. இதற்காக நுண்கடன் எடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஐந்தாறு பெண்கள் சேர்ந்து, அல்லது மாதர் சங்கத்தின் பேரில் ஒன்றை வைத்திருப்பதானால் அது வேறு கதை.

பாயைப் பற்றி ஒரு சொல். எமது புழுதியில் அது விரைவில் ஒட்டும் தன்மையை இழக்கும். வேலை முடிந்தவுடன் அதன் பிளாஸ்ரிக் மூடியைப் போடுங்கள். தூசி பிடித்தால் மெல்லிய சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காய விடுங்கள்.

முதலில் சொன்ன தாய்மாரில் ஒருவர் தங்கச்சிக்கு எழுதும்போது அழுத்தி வேண்டாம், பழையது வேண்டாம், மேலதிகமாக இரண்டு பாயும் கத்திகளும் அனுப்பு என்று எழுதினார். இயந்திரம் வருமுன் மூன்று மாதம் தன் குடியிருப்பில் யார் யார் எதை எங்கே செய்விக்கிறார்கள் என்று கொப்பியில் குறித்துவந்தார். அவருக்கு வந்த முதல் வேலை விழா வேலையல்ல. பக்கத்துக் கமக்காரர்கள் சேர்ந்து, சாக்குகளில் 'விதை நெல்' என்று வண்ணம் பூசத் தகடு கேட்டார்கள். பழைய எக்ஸ்-றே படத்தாள் அதற்கு ஏற்ற தடிப்பு. முதல் தகட்டில் 'வி'யின் வயிறு விழுந்தது. இரண்டாவதில் 'நெ'யின் கொம்புச் சுழி போனது. மூன்றாவதில் ஒவ்வொன்றுக்கும் பாலம் விட்டு வெட்டினார். அந்தத் தகட்டில் இதுவரை நாற்பது சாக்குக்கு மேல் அடித்துவிட்டார்கள்.